லாரிக் கட்டு

...இது ஒரு கட்டா, மேய்ச்சல் மாட்டுக்குக்கூட இதைவிடக் குறைவாகத்தான் கயிறு விடுவார்கள், கடலோரத்திலேயே பிறந்து கடலிலேயே பல் முளைத்த ஒருவன் இப்படியா கட்டிவிட்டுப் போவான் என்று கமாலுதீனுக்கு மனசே ஆறவில்லை. காசிமேடு வார்ஃபின் ஓரத்தில், ஒரு வலை மூட்டையின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு அந்தக் கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தார், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டும் தண்ணீரைத் தொட்டுவிடும்போலத் தொங்கின, படகு தன் இஷ்டத்துக்கு வெளியே போவதும், திரும்பி வந்து சுவரில் உராய்வதுமாக, கல்யாண வீட்டில் கேட்பாரில்லாமல் திரிகிற பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது... ரூஹி மலர் என்று படகுக்குப் பெயர். ரூஹி அவருடைய மகள், மலர் கோதண்டத்தின் மகள், படகில் ஆளுக்குப் பாதி என்று முடிவானபோது பெயரிலும் ஆளுக்குப் பாதி என்று ஆயிற்று, எந்தப் பெயர் முதலில் வருவது என்பதில் மட்டும் ஒரு வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் கோதண்டம்தான் "உன் பொண்ணு பெர்சு மாமு, அது முன்னால இருக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தான். விட்டுக்கொடுத்தானா? அதெல்லாம் இல்லை, நாம் சொன்ன நியாயம் அவன் மண்டையில் ஏறியது, அவ்வளவுதான்.

கயிற்றை இப்படிக் கட்டியதற்கு அவனைச் சொல்லியும் குற்றமில்லை, கண் அப்படி. வலது கண்ணில் பால் ஊற்றின மாதிரி புரை வளர்ந்துவிட்டது, இடது கண்ணும் பாதிதான், மீனை முகர்ந்து பார்த்து இனம் சொல்கிறான் என்று மார்க்கெட்டில் கேலி பேசினார்கள். இன்றைக்குத்தான் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள், மலர் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்தான், தடை முடிந்த அன்றைக்கு விடியும் முன்னே எல்லாப் படகும் கிளம்பிவிடும், அன்றைக்குப் போகாத படகு அந்த வருஷமே போகாத மாதிரிதான். இரண்டு மாதம் கரையில் ஏற்றிவைத்து, பலகை மாற்றி, ஃபைபர் பூசி, பெயின்ட் அடித்து, நேற்றுத்தான் தண்ணீரில் இறக்கி இங்கே கொண்டுவந்து கட்டினார்கள். பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு, மறுபடி கரையேற்ற இடம் கிடைக்காது, வரிசையில் அத்தனை படகு நிற்கிறது. அதனால்தான் கடையைக்கூடத் திறக்காமல் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். போகும்போது கோதண்டம் ஷேர் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "கயித்த தொடாத மாமு, பாத்துகினு மட்டும் இரு" என்றான். பார்த்துக்கொண்டு மட்டுமா? பார்ப்பதற்கு நான் என்ன சினிமாவுக்கா வந்திருக்கிறேன்... ஆபரேஷன் பயத்தில் மனுஷன் உளறுகிறான் என்று அப்போது சிரித்துக்கொண்டார்.

வார்ஃபின் பக்கவாட்டில் வரிசையாகத் தொங்கிய டயர்களைப் பார்த்தபோது கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. அது அவர் கைங்கரியம். தண்டையார்பேட்டையில் டயர் கடை, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ரோட்டில், டயரைத் தட்டிப் பார்த்தே அது எத்தனை லோடு சுமந்தது என்று சொல்லிவிடுவார், சுற்றுவட்டாரத்தில் கேட்டுப்பாருங்கள். பக்கத்துப் படகுக்காரர்களெல்லாம் கிடைத்த டயரைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், முட்டாள்கள், ரேடியல் டயர் தேய்ந்தால் உள்ளேயிருந்து கம்பி பல்லைக் காட்டும், படகு ஒவ்வொரு தடவை மோதும்போதும் அது பூனை மாதிரி பிராண்டும், மறுநாள் பார்த்தால் பெயின்ட் கோடு கோடாகக் கிழிந்திருக்கும். ரூஹி மலருக்கு அவர் பொறுக்கிக் கொண்டுவந்தது பழைய நைலான் டயர், கம்பியே கிடையாது, கன்னத்தை வைத்துத் தேய்த்தாலும் கீறாது. இதெல்லாம் கோதண்டத்துக்குத் தெரியுமா? கடல் அவனுக்குத் தெரியும், சரி, ஒத்துக்கொள்கிறோம், கரை யாருக்குத் தெரியும்? படகு கரையில் நிற்கிறவரைக்கும் அது கமாலுதீன் ராஜ்ஜியம். அதுவும் இந்த மேற்குக் காற்று, அனல் மாதிரி அடிக்கிறது, படகை வெளியே தள்ளி மறுபடி இழுத்துவந்து சுவரில் முட்டவைக்கிறது, டயர் எத்தனை தடவைதான் தாங்கும்... இத்தனை கயிறு விட்டது கண் தெரியாததால்தான். பாவம், இடைவெளி அவனுக்குத் தெரிந்திருக்காது. இதை அவனிடம் சொல்லக்கூடாது, மனசு நொந்துபோவான், சத்தம் போடாமல் நாமே சரிபண்ணிவிட வேண்டியதுதான்.

எழுந்தார். கைலியை மடித்துக் கட்டினார். தண்ணீர் அப்போது நிறைந்து நின்றது, அமாவாசைத் தண்ணீர், படகின் மேல்தளம் வார்ஃபின் உயரத்துக்கே இருந்தது, வீட்டு வாசலிலிருந்து தெருவில் இறங்குகிற மாதிரி காலை எடுத்துவைத்தால் போதும். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் ஏறினார், படகில் செருப்போடு ஏறக்கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. முன்கயிற்றை அவிழ்த்தார், படகு அருகில் வந்து டயரில் ஒட்டும்வரை காத்திருந்தார், மறுபடி கரைக்குத் தாவி, அங்கிருந்த இரும்புக் கட்டையில் ஒரு சுற்று, கயிற்றின் நடுவில் ஒரு கொக்கி மடிப்பு, அதற்குள் நுனியை விட்டு, கல்லில் காலை உதைத்துக்கொண்டு "யா அல்லாஹ்" என்று ஒரே இழுப்பு. லாரிக் கட்டு. புளியந்தோப்பு லாரி செட்டில் கிளீனராக இருந்த வயதில் கற்றது, விஜயவாடாவுக்குப் போகிற லோடுக்குத் தார்ப்பாய் கட்டுவார்கள், வழியில் எத்தனை பள்ளம், எத்தனை மேடு, கமாலு கட்டிய லோடில் ஒரு மூட்டை நகர்ந்தது என்று ஒரு டிரைவர் சொல்லட்டும் பார்க்கலாம். இழுக்க இழுக்க இறுகுமே தவிர இளகாது, அதுதான் அந்தக் கட்டின் அழகு. பின்கயிற்றையும் அதேபோல் இழுத்துக் கட்டிவிட்டுக் கையைத் தட்டியபோது ரூஹி மலர் அசையவில்லை. சுவரோடு சுவராக, ஒட்டடை அடித்த வீடு மாதிரி ஒழுங்காக நின்றது. முட்டல் இல்லை, உராய்வு இல்லை, திருப்தியாக இருந்தது.

வலை மூட்டையில் திரும்ப வந்து உட்கார்ந்து, பையிலிருந்த பிளாஸ்கைத் திறந்து டீ குடித்தார். மனைவி சாபிரா இஞ்சி தட்டிப்போட்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள், உங்களுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது என்று, தண்ணீர்க் குழாயை இவர் மூடினால் அடுத்து யாராலும் திறக்க முடியாதாம், ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போய்த் திறந்துகொண்டு வருகிறாளாம், பேச்சைப் பார். சும்மா விட்டிருந்தால் கடை கடையாக இருந்திருக்குமா... அந்த நேரத்தில் யேசுதாஸ் வந்தான், இரண்டு படகு தள்ளிக் கட்டியிருக்கிற படகின் டிரைவர், வாயில் வேப்பங்குச்சி. கயிற்றைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி கயிற்றைப் பார்த்தான்.

"இன்னா பாய், நீ கட்டுனியா?"

"ஏன், எப்டி கீது?"

"நீ கட்டுனா அப்டித்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு, குச்சியைத் துப்பிக்கொண்டே போய்விட்டான். பார்த்தீர்களா, தொழில்காரனே சொல்லிவிட்டான். மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும், நாலு பேர் நம் கையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதாதா. மருமகன் அஃப்ரித்தும் அப்படித்தான், நிக்காஹ் முடிந்த புதிதில் கொடுங்கையூர் ஃபிளாட்டுக்குத் தனிக்குடித்தனம் போய், இனி மாமனார் வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று குதித்தான், ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து இவர் கொடுத்த கொடுப்பில் ஆள் கப்சிப், அடுத்த வாரமே மாலையானால் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறான், ரூஹியும் சிரிக்கிறாள். சரியான நேரத்தில் சரியாக இழுத்துப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். இடையில் கோதண்டம் அவனை டீக்கடையில் வைத்து என்னவோ பேசினான் என்று சாபிரா சொன்னாள். பேசியிருப்பான், நல்லவன்தான், ஆனால் வேலை செய்தது எது என்று உலகத்துக்கே தெரியும்.

'கிர்ர்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்தார். ஒன்றுமில்லை, புதுப் பலகை, புது மரம் வெயிலில் சத்தம் போடும், வீட்டு நிலைகூட முதல் கோடையில் அப்படித்தான் முனகியது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது, டீசலும் ஐஸ் தண்ணீரும் கலந்த வாடை கல்லிலிருந்து எழும்பியது, தடைக்காலத்தில் வார்ஃபு எப்போதும் இப்படித்தான், பாதி ஊர் தூங்குகிற மாதிரி. கண் ஆபரேஷன் இந்நேரம் முடிந்திருக்குமா, கட்டுப் போட்டிருப்பார்களா, ஊசி என்றால் அவன் பயப்படுவானே, கடலில் சுறா வாலடியைத் தாங்கினவன் கம்பவுண்டரைப் பார்த்தால் வெலவெலத்துப்போவான்... 'கிர்ர்... டக்.' இது மரச் சத்தமா? மரம்தான். இருந்தாலும் இந்த டக் எதற்கு? பள்ளிவாசலிலிருந்து லுஹர் பாங்கு சொன்னார்கள். படகை விட்டுவிட்டுப் போகமுடியாது, பேட்டரி திருடுகிற கும்பல் தடைக்காலத்தில்தான் சுற்றும், அதனால் கையோடு கொண்டுவந்த தண்ணீரில் ஒளுச் செய்து, துண்டை வேறு பக்கம் திருப்பி விரித்து, அங்கேயே தொழுதார். தொழுகையில் மனசு நிற்கவில்லை என்பதை மறைப்பானேன், ஒவ்வொரு தடவை நெற்றியைத் தரையில் வைக்கும்போதும் அந்தக் கிர்ர் கல்லின் வழியாகக் காதுக்குள் வந்தது.

ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தார். படகு சாய்ந்திருந்தது. வார்ஃபுப் பக்கம் மேலே தூக்கி, கடல் பக்கம் கீழே இறங்கி, காதைப் பிடித்து வாத்தியார் தூக்கிய பையன் மாதிரி, கயிறு இரண்டும் கம்பியாகிவிட்டன. காலையில் வாசல் மாதிரி சமமாக இருந்த மேல்தளத்தின் கடல் பக்க ஓரம் இப்போது கீழே, கிட்டத்தட்ட இரண்டு முழம் கீழே. தண்ணீர் இறங்கிவிட்டது. சுவரில் பாசி படிந்த ஈரக் கோடு பல்லிளித்துக்கொண்டு தெரிந்தது. தண்ணீர் இறங்கும், ஏறும், அது தெரியாதா என்ன, இருபது வருஷமாக இங்கே வந்து மீன் வாங்குகிறவர், காலையில் மூழ்கியிருந்த படிகள் மதியம் காய்ந்துகிடப்பதைப் பார்த்திருக்கிறார், அதில் நின்று பேரம் பேசியிருக்கிறார், அப்படித் தெரிந்ததெல்லாம் கண்ணோடு நின்றுவிட்டதா, கைக்கு வரவில்லையா... லாரி என்றால் லோடும் வண்டியும் சேர்ந்தல்லவா போகும். இங்கே கல் நிற்கிறது, கடல் இறங்குகிறது, நடுவில் கயிறு. அந்தத் தொங்கலை அவன் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறான். கண் தெரியாமல் அல்ல. யா ரப்பே. கயிற்றைக் கட்டிய மரக்கட்டை மேல்தளத்துப் பலகையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பியிருந்தது, அதைச் சுற்றி வெள்ளையாக ஃபைபர் வெடித்துக்கொண்டிருந்தது. கட்டை பிய்ந்தால் பலகையோடு பிய்யும். பலகை போனால் தடை முடிகிற அன்றைக்கு எல்லாப் படகும் கிளம்பும், ரூஹி மலர் மட்டும் கரையில் கிடக்கும், ஒற்றைக் கண்ணில் கட்டோடு கோதண்டம் வந்து அதைத் தடவிப் பார்ப்பான்.

பாய்ந்துபோய் முடிச்சைப் பிடித்தார். விரல் நுழையவில்லை. இழுக்க இழுக்க இறுகும் கட்டு, ஒரு படகின் பாரமே அதை இழுத்துக்கொண்டிருக்கிறது, இனி மனுஷன் கையால் ஆகுமா? நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்தார், உப்பும் டீசலும்தான் நாக்கில் பட்டன. இந்தக் கையையா அத்தனை டிரைவர்களும் புகழ்ந்தார்கள், இதே கையை. யேசுதாஸ் என்று கத்தினார், அவன் எங்கே போய்த் தொலைந்தானோ. கயிற்றை அறுத்துவிடலாமா, அறுத்தால் காற்று படகைக் கொண்டுபோய்ப் பக்கத்துப் படகில் மோதும், அறுக்காவிட்டால் இது பிய்யும், எது குறைவான நஷ்டம், யோசி கமாலு, யோசி என்று தலையில் அடித்துக்கொண்டபோது பின்னால் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது.

"நவுரு பாய்" என்றாள் கன்னியம்மா.

கோதண்டத்தின் மனைவி. காய்கிற கருவாட்டை விட்டுவிட்டு வரமுடியாது என்று ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாதவள். இடுப்பில் சோற்றுத் தூக்கு, தோளில் ஒரு கயிற்றுச் சுருள், கையில் மீன் வெட்டுகிற கத்தி. அவசரப்படவேயில்லை. தூக்கையும் கத்தியையும் கல்லில் வைத்தாள், சுருளைப் பிரித்தாள், அதில் நீளமாக இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணி பின்னியிருந்தது. கண்ணியைக் கரை இரும்பில் மாட்டினாள், செருப்பை உதறிவிட்டுச் சாய்ந்த படகில் பூனைபோல இறங்கி, அடுத்த முனையை உள்ளேயிருந்த வேறொரு கட்டையில் தாராளமாகத் தொங்கவிட்டுக் கட்டினாள். பின்பக்கமும் அப்படியே.

"கத்திய குடு. தள்ளி நில்லு, கயிறு அட்ச்சா மூஞ்சி கிழிஞ்சுடும்."

முன்கயிற்றில் கத்தி பட்டதுதான் தாமதம், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், அறுந்த முனை காற்றில் சுழன்று கல்லில் அறைந்தது. பின்கயிறும் அப்படியே. படகு தொபுக்கென்று தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு தடவை உருண்டு ஆடி, பெருமூச்சு விட்ட மாதிரி நிமிர்ந்தது. மரக்கட்டையை அவள் காலால் மிதித்துப் பார்த்தாள், அசைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவல பாய். ரெண்டு போல்ட்டு முடுக்குனா சரியாப் பூடும். கொஞ்சம் ஃபைபர் பூசணும். நீ குந்து, மூஞ்சே வெளுத்துப் போச்சு."

குந்தினார். அல்ஹம்துலில்லாஹ் என்று மூன்று தடவை சொன்னார். அவள் தூக்கைத் திறந்து சோறும் வஞ்சிரக் குழம்பும் போட்டுக் கொடுத்தாள், நல்ல குழம்பு, புளி சரியாக இறங்கியிருந்தது. யேசுதாஸ் சொல்லி அனுப்பினானா என்று கேட்டார். இல்லையே, அவனைப் பார்க்கவேயில்லை என்றாள். அப்புறம் சோறு கொண்டுவருகிறவள் கயிறு எதற்குக் கொண்டுவந்தாள்?

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோலச் சொன்னாள். "அவுருதான் சொல்ட்டு போனாரு. 'மாமு கயித்த இஸ்து கட்டிடும், அது கட்டுனா அவுக்க முடியாது, தண்ணி எறங்கசொல்ல நீ சோறு எட்த்துகினு போற மாறி போ, இத்த மாட்டிட்டு அத்த அறுத்துடு'ன்னாரு. கருவாட்ட மூடி வெச்சுட்டு வர கொஞ்சம் லேட்டாப் பூட்ச்சு."

"தண்ணி எறங்குனா ஒடையும்னு எங்கைலயே சொல்லிருக்கலாம்ல தங்கச்சி?"

"நீ கட்சி பேசுவியாம். நல்ல நாளும் அதுவுமா, ஆபரேசனுக்குப் போவசொல்ல உங்கூட சண்ட வேணாம்னாரு. நா சொன்னேன்னு காட்டிக்காத பாய்."

செல்போன் அடித்தது. மலரின் நம்பர், பேசியது கோதண்டம். மருந்து மயக்கத்தில் குரல் குழைந்திருந்தது. "முட்ச்சுட்டாங்க மாமு. ஊசிகூட தெரியல. போட்டு எப்டி கீது?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. "நல்லா கீது" என்றார். "நீ கட்டுன மாறியே கீது."

"நீ கீறேன்னுதான் நா தெகிரியமா வந்தேன்" என்றான் கோதண்டம். கேலியா? கேலி இல்லை. கேலி பண்ணும்போது அவன் குரல் எப்படி இருக்கும் என்பது இவருக்குத் தெரியாததா, அல்லது அதுவும் தெரியாதா... போனை வைத்துவிட்டார். கோபம் வந்தது, முதலில் கோபம்தான் வந்தது, என்னை இப்படி எடைபோட்டு வைத்திருக்கிறானே, பெண்டாட்டியைக் கத்தியோடு அனுப்புகிற அளவுக்கு. எழுந்துபோய்க் கரை இரும்பில் கிடந்த புதுக் கயிற்றின் கண்ணியைத் தொட்டார். கல்லில் உராயாமல் இருக்க லாரி டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தது, இவர் கடை டியூப்தான். அதற்குக் கீழே பின்னல். கண் தெரிகிற காலத்தில் கோதண்டம் பின்னினால் பெண்பிள்ளைச் சடை மாதிரி அத்தனை நேர்த்தியாக இருக்கும், இது அப்படி இல்லை, ஓர் இழை மேடு, ஓர் இழை பள்ளம், ஓரிடத்தில் தப்பாகப் போட்டுப் பிரித்துத் திரும்பப் போட்டிருக்கிறான்.

"எப்ப பின்னுனான் இத்த?"

"நேத்து சாய்ந்தரம் ஆரம்பிச்சாரு. மலரு பின்றேன்னுச்சு, குடுக்கல. கண்ணுதான் தெரியலியே, தடவித் தடவி பின்னிகினு இருந்தாரு" என்றாள் அவள், சாப்பிட்ட தூக்கைக் கழுவிக்கொண்டே.

கமாலுதீன் அந்த மேடு பள்ளத்தை விரலால் தடவினார். மறுநாள் கண்ணில் கத்தி வைக்கப்போகிற ஒருவன் முந்தின சாயங்காலம் உட்கார்ந்து, இன்னொருவன் செய்யப்போகிற தப்புக்கு அளவெடுத்துக் கயிறு பின்னியிருக்கிறான், அந்தத் தப்பைச் செய்யாதே என்று சண்டை பிடிக்காமல், செய்தபின் என்ன ஆகும் என்று மட்டும் பார்த்து... இதுதான் முதல் தடவையா? கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வான். காற்று திரும்பியிருந்தது, கயிறு தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தொங்க, படகு ஆறடி தூரம் வெளியே போய்த் திரும்பி வந்தது. அதை இழுத்துக் கட்டவேண்டும் என்று இப்போதும் அவர் கை தினவெடுத்தது, அதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.